நொச்சி: மதில் காவலிலிருந்து கால்வாய்க் கரைக்கு – இராஜா அண்ணாமலைபுரம் நீர்வழிகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

சங்க இலக்கியத்தில் மதில் காக்கும் மறவரின் அடையாளப் பூவாகவும் மனைமுற்றத்துச் செடியாகவும் இடம்பெறும் நொச்சி, பிற்காலத்தில் மருந்தாகவும் புகையாகவும் வேலியாகவும் பயன்பட்டது. 2010களின் முற்பகுதியில் சென்னை மாநகராட்சி, நீர்வழிகளை ஒட்டி வாழ்ந்த மக்களுக்குக் கொசுத் தடுப்புச் செடியாக நொச்சிக் கன்றுகளை வழங்கியது. மரபறிவின் மீட்பாக முன்வைக்கப்பட்ட இத்திட்டம் மரபில் உண்மையில் எதைச் சார்ந்து நின்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இலக்கியச் சான்றுகள், தாவரவியல் அடையாளம், மருத்துவ வழக்கு, வளர்ப்பு முறை ஆகியவற்றுடன் பக்கிங்காம் கால்வாய்க்கும் அடையாற்றுக் கழிமுகத்துக்கும் இடைப்பட்ட இராஜா அண்ணாமலைபுரத்தின் நிலவரலாறும் இணைத்து நோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நொச்சி, நொச்சித் திணை, நீர்நொச்சி, கருநொச்சி, பக்கிங்காம் கால்வாய், அடையாறு, கொசுத் தடுப்பு.

1. களம்

மயிலாப்பூருக்கும் மந்தைவெளிக்கும் தெற்கே, அடையாற்றுக்கு வடக்கே அமைந்தது இராஜா அண்ணாமலைபுரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய இராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் (1881–1948) பெயரைத் தாங்கிய இப்பகுதி, இன்று வசதி படைத்தோர் வாழும் குடியிருப்பாக அறியப்படுகிறது. நிலப்படத்தில் இதன் எல்லைகளைத் தொட்டுச் செல்லும் கோடுகளைக் கவனித்தால் வேறொரு முகம் தெரியும். தெற்கே அடையாறு, கிழக்கே கிபிள் தீவைச் சூழ்ந்து வரும் உப்பங்கழி, குடியிருப்புக்கு நடுவே வடக்கு தெற்காகப் பக்கிங்காம் கால்வாய். மூன்று பக்கமும் நீர் நெருங்கி நிற்கும் நிலம் இது.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நீளக் கால்வாய்ப் பகுதி, தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877–78இல், பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. அப்போதைய சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு வைக்கப்பட்டது. பட்டினியால் நகரை நோக்கி வந்தவர்களின் உழைப்பால் உருவான இந்த நீர்வழி சில தலைமுறைகள் படகுப் போக்குவரத்துக்கு உதவியது. பின்னர்ச் சாக்கடையானது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பறக்கும் தொடர்வண்டிப் பாதையின் தூண்கள் அதன் படுகையிலேயே ஊன்றப்பட்டன. மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை நிலையங்கள் கால்வாயை ஒட்டியே நிற்கின்றன. ஓட்டம் தடைப்பட்ட நீரில் கொசு பெருகியது. கரையோரக் குடிசைவாசிகளுக்கும் எதிர்ப்புற மாடிவீட்டாருக்கும் பொதுவாக இருந்த ஒன்று இக்கொசுத் தொல்லைதான்.

இதே பகுதியின் உப்பங்கழியில் 58 ஏக்கரில் மீட்டெடுக்கப்பட்ட சூழலியல் பூங்கா 2011 ஜனவரியில் திறக்கப்பட்டபோது, அதற்குத் தொல்காப்பியப் பூங்கா எனப் பெயரிடப்பட்டது. திணைகளுக்குப் பூக்களின் பெயரைச் சூட்டிய இலக்கண மரபின் முதல் நூலை ஒரு சதுப்பு நிலம் தாங்கி நிற்பது பொருத்தமே. அதற்குச் சில ஆண்டுகளுக்குள் அதே நீர்வழிக் கரைகளுக்கு, அவ்விலக்கண மரபில் தனித் திணையாகவே வளர்ந்த ஒரு செடி, கொசுவுக்கு மாற்றாக வந்து சேர்ந்தது.

2. எந்த நொச்சி?

வரலாற்றுக்குள் செல்லுமுன் செடியின் அடையாளத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது இன்றியமையாதது. தமிழில் நொச்சி என்பது ஒரு செடியின் பெயராக மட்டும் நிற்கவில்லை.

பொதுவாக நொச்சி, வெண்ணொச்சி என்று வழங்கப்படுவது வைடெக்ஸ் நெகுண்டோ. முன்னர் வெர்பினேசியே குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இது இன்று துளசியும் தும்பையும் அடங்கிய லாமியேசியே குடும்பத்தில் சேர்க்கப்படுகிறது. இரண்டு முதல் ஐந்து மீட்டர் வரை வளரும் பெருஞ்செடி. இளங்கிளைகள் நான்கு பட்டையானவை. எதிரெதிராக அமைந்த கூட்டிலைகளில் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் கைவிரல்போல் விரிந்திருக்கும். இலையின் அடிப்புறம் சாம்பல் வெண்மை. கிளைநுனியில் கொத்தாகப் பூக்கும் சிறுபூக்கள் நீலங்கலந்த ஊதா நிறம். காய் மிளகினும் சிறியது, முற்றினால் கருமை.

நீர்நொச்சி எனப்படும் வைடெக்ஸ் ட்ரைஃபோலியா கடற்கரையையும் நீர்நிலை ஓரங்களையும் விரும்புவது. பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள். அவை காம்பின்றி ஒட்டியிருக்கும். உப்புக்காற்றை நன்கு தாங்கும். கருநொச்சி என்ற பெயரோ இரு வேறு செடிகளுக்கு வழங்குகிறது: தண்டும் இலையும் ஊதாச் சாயல் கொண்ட நொச்சி வகை ஒன்று, முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த, ஆடாதொடைக்கு உறவான ஜஸ்டிசியா ஜென்டருசா மற்றொன்று. நாற்றங்காலில் கருநொச்சி கேட்பவர் எதைப் பெறுவார் என்பது விற்பவரின் ஊரைப் பொறுத்தது. நூல்களில் கருநொச்சிக்குச் சொல்லப்படும் குணங்களை ஒரே செடியின் மேல் ஏற்றிப் பேசும் அண்மைக்கால எழுத்துகள் பல இக்குழப்பத்தைக் கவனிப்பதில்லை.

சங்கப் புலவர்கள் நொச்சியிலையை மயிலின் காலோடு ஒப்பிட்டனர். குறுந்தொகை 138, நற்றிணை 115, 305 ஆகிய பாடல்களில் இவ்வுவமை திரும்பத் திரும்ப வருகிறது. மயிலுக்கு முன்விரல் மூன்று. மூன்று சிற்றிலை கொண்ட நீர்நொச்சிக்கே இவ்வுவமை பொருந்தும் என வாதிட இடமுண்டு. ஆயினும் வெண்ணொச்சியின் கிளைநுனி இலைகளும் மூன்று சிற்றிலைகளாகவே பெரும்பாலும் அமைகின்றன. ஐந்துள்ள இலையிலும் கீழிரண்டும் மிகச் சிறியவை. மேலும், நடுச் சிற்றிலைகள் காம்புடன் விலகி நிற்பதால் விரல் விரிந்த தோற்றம் வெண்ணொச்சியிலேயே தெளிவு. நீலமணி போன்ற பூ என்னும் வருணனை இரண்டுக்கும் ஒக்கும். ஆகவே இலையை மட்டும் கொண்டு இனத்தைத் தீர்மானிப்பதைவிட, பாடல் காட்டும் நிலத்தைக் கொண்டு நோக்குவதே தகும். மனைமுற்றத்தில் வரும் நொச்சியை வெண்ணொச்சியாகக் கொள்வதில் இடர்ப்பாடில்லை. ஈரம் வற்றாத நிலத்தில் நிற்பதாகப் புறநானூறு 271 காட்டும் நொச்சி மட்டும் நீர்நொச்சியாகவும் இருக்கலாம். சங்கத் தாவரங்களை அடையாளம் காண்பதில் பி.எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்’, கு. சீநிவாசனின் ‘சங்க இலக்கியத் தாவரங்கள்’ ஆகிய நூல்கள் இட்ட அடித்தளத்தின் மேல், இத்தகைய நிலவழி நோக்கு இன்னும் விரிவுபெற வேண்டியுள்ளது.

3. மதிலும் மனையும்

தொல்காப்பியப் புறத்திணைகள் ஏழு. மதிலை முற்றுதலும் அதனைக் காத்தலும் அங்கு உழிஞைத் திணைக்குள்ளேயே அடங்கும். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில் திணைகள் பன்னிரண்டாக விரிகின்றன. முற்றுவோனுக்கு உழிஞையும் காப்போனுக்கு நொச்சியும் தனித்தனியாக உரியவாகின்றன. புறநானூற்றுப் பாடல்களின் கீழுள்ள திணை துறைக் குறிப்புகள் இந்தப் பன்னிரு திணை மரபைப் பின்பற்றுவதால் 271, 272ஆம் பாடல்கள் நொச்சித் திணையில் வைக்கப்பட்டுள்ளன. தமிழ்ப் பேரகராதி நொச்சி என்ற சொல்லுக்கு மதில் என்றே ஒரு பொருள் தருகிறது. சிற்றூர் என்றும் ஒரு பொருள். செடியின் பெயர், சூடும் பூவின் பெயராகி, செயலின் பெயராகி, இறுதியில் காக்கப்படும் சுவரின் பெயராகவே ஆகிவிட்ட இந்த நகர்வு தமிழ்ச் சொற்பொருள் வரலாற்றில் கவனத்துக்குரியது.

முள்ளில்லாத, குத்தினால் நோகாத ஒரு செடி எவ்வாறு காவலின் அடையாளமாயிற்று? வெறிபாடிய காமக்கண்ணியாரின் 271ஆம் பாடல் இதற்கு ஒரு தடயம் தருகிறது. நீர் அறாத நிலத்தில் வேரூன்றிய நொச்சி அதில் பேசப்படுகிறது. மதிலைச் சூழ்ந்த அகழியின் கரை அத்தகைய நிலம். அகழிக் கரையில் இயல்பாகச் செழித்து, மதிலடியில் நிற்போர் கைக்கெட்டிய தழையாக இருந்ததே அது காப்போரின் கண்ணியாவதற்குக் காரணமாகலாம். அப்பாடலின் காட்சி கொடியது: முன்பு மகளிர் இடையில் தழையாகக் கண்ட அதே நொச்சி, பிறகு வீழ்ந்த வீரனின் குருதியில் தோய்ந்து உருமாறிக் கிடக்க, ஊன் என்று மயங்கிய பருந்து அதைக் கவர்ந்து மேலெழுகிறது. மோசிசாத்தனாரின் 272ஆம் பாடலும் பூக்கும் மரங்களுள் நொச்சியைத் தனியே விளித்து, மகளிர் அணிவதும் மதில் காப்போர் சூடுவதும் ஒரே செடி என்பதையே முன்னிறுத்துகிறது. வீட்டுக்கும் அரணுக்கும் பொதுவான செடி என்பதுதான் இவ்விரு பாடல்களின் உயிர்நிலை. காக்கப்படுவது எது என்பதைக் காப்பவன் தலையில் சூடியிருக்கிறான்.

அகப்பாடல்களில் நொச்சி முழுக்க மனைச்செடி. குறுந்தொகை 138இல் ஊர் உறங்கியும் உறங்காதவர்கள், வீட்டருகே நொச்சிப்பூ உதிரும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நற்றிணை 184இல் உடன்போன மகள் ஆடிய இடத்தில் நிற்கும் நொச்சியைக் கண்டு தாய் கலங்குகிறாள். 305இல் அவள் விட்டுச்சென்ற பந்தோடும் வாடிய வயலைக்கொடியோடும் நொச்சியும் கண்ணில் படுகிறது. வயலை வாடியது, நொச்சி வாடவில்லை. நீரூற்றும் கை இல்லாவிட்டாலும் பிழைக்கும் செடி அது என்பதை அறிந்த புலவரின் தேர்வாகவே இதைக் கொள்ளலாம்.

இவற்றிலிருந்து வேறுபட்ட ஒரு சான்று நற்றிணை 200, 293 பாடல்களில் உள்ளது. ஊர்த்தெருவில் விழாவை அறிவித்துச் செல்லும் முதுகுயவன் நொச்சி மாலை சூடியிருக்கிறான். மற்றொரு பாடலில் பலியிடும் முதுகுயவனும் அதையே சூடியிருக்கிறான். கள்ளும் பலியும் உடைய சடங்கில் நொச்சி இடம்பெற்றமை, அதற்கு அணிகலனுக்கு மேற்பட்ட ஒரு காப்புப் பொருள் இருந்ததைக் காட்டுகிறது. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் நொச்சி என்ற பெயர் இல்லை, சிந்துவாரம் உண்டு. உரை வழக்கு அதைக் கருநொச்சி எனக் கொள்கிறது. வடமொழியிலும் சிந்துவாரம், நிர்குண்டி என்பன இச்செடியின் பெயர்களே.

இச்சான்றுகள் எவற்றிலும் கொசு இல்லை. புகையும் இல்லை. இது வாதத்துக்கு முக்கியமானது. ஏனெனில் இன்று நொச்சியைக் கொசு விரட்டியாக முன்வைக்கும் எழுத்துகள் பெரும்பாலும் சங்க இலக்கியத்தைத் தொட்டே தொடங்குகின்றன.

4. மருந்தும் புகையும்

கொசு தொடர்பான நொச்சி வழக்கின் வேர், ஏட்டிலக்கியத்தைவிட வாழ்வியலில்தான் உள்ளது. தமிழகச் சிற்றூர்களில் நொச்சியின் பயன் விரிந்தது. சளிக்கும் தலைபாரத்துக்கும் நொச்சியிலை இட்ட வெந்நீரில் ஆவி பிடித்தல், உலர்ந்த இலையைத் தலையணையில் அடைத்தல், மகப்பேற்றுக்குப் பின் தாய்க்கு நொச்சியிலை வேகவைத்த நீரில் குளிப்பாட்டுதல், மூட்டுவலிக்கு இலையை வதக்கி ஒற்றடம் இடுதல், நொச்சித் தைலம் காய்ச்சுதல் ஆகியவை இன்றும் வழக்கிலுள்ளன. சித்த மருத்துவத்தில் இது வாத நோய்களுக்கும் சுரத்துக்கும் உரிய மூலிகை. முருகேச முதலியாரின் ‘குணபாடம் – மூலிகை வகுப்பு’ முதலிய நூல்கள் இதற்கு இடம் தருகின்றன. நெற்குதிரில் வேம்பு, புங்கு இலைகளோடு நொச்சியிலையும் போட்டு அந்து வராமல் காத்தனர். வேளாண்மையில் பூச்சிவிரட்டியாக ஊறவைக்கும் இலைக் கரைசல்களில் வேம்பு, எருக்கு, ஆடாதொடையோடு நொச்சியும் சேரும். வளார் கூடை முடையப் பயன்பட்டது. ஆடுமாடு மேயாததால் வேலிக்கு ஏற்றது.

மாலையில் மாட்டுத் தொழுவத்திலும் வீட்டு முற்றத்திலும் போட்ட மூட்டத்தில் வேப்பிலையோடு நொச்சித்தழையும் எரிந்தது. புகை எழுப்புவதன் நோக்கம் கடியிலிருந்து காத்தல். நோயைத் தடுத்தல் அன்று. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் நிறுவினார். இந்திய மருத்துவப் பணியில் அவர் முதலில் சேர்ந்தது சென்னை மாகாணத்தில்தான் என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அதற்கு முன் சுரமும் கொசுக்கடியும் இரு வேறு துன்பங்கள். நொச்சி இரண்டுக்கும் பயன்பட்டது, ஆனால் தனித்தனியாக: சுரத்துக்குக் கசாயமாக, கடிக்குப் புகையாக. ‘கொசுவால் வரும் காய்ச்சலைத் தடுக்கும் நொச்சி’ என்ற கூற்று இவ்விரு இழைகளையும் இருபதாம் நூற்றாண்டு அறிவியல் முடிச்சிட்ட பின்னரே உருவாகக்கூடியது. அதன் உறுப்புகள் பழமையானவை, கூற்று புதியது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. மேற்சொன்ன பயன்கள் ஒவ்வொன்றிலும் ஒரு செயல் உண்டு: பறித்தல், வதக்குதல், வேகவைத்தல், உலர்த்துதல், எரித்தல், ஊறவைத்தல். நொச்சியின் மணத்துக்குக் காரணமான ஆவியாகும் எண்ணெய்கள் இலைச் சுரப்பிகளில் அடைபட்டிருப்பவை. கசக்கினாலோ சூடேற்றினாலோதான் அவை பெருமளவில் வெளிப்படும். செடி சும்மா நின்றாலே காக்கும் என்று மரபு கருதியதற்கான சான்று இவ்வழக்குகளில் இல்லை. பெண்களின் அன்றாட உழைப்போடு பிணைந்த அறிவு இது; செடியை மட்டும் பிரித்தெடுத்தால் அறிவின் பாதி பின்தங்கிவிடுகிறது.

5. ஐரோப்பியர் பதிவுகள்

நொச்சியின் அறிவியல் பெயரிலேயே ஒரு கடல்வழிப் பயணம் பதிந்துள்ளது. 1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் உரையாடல் நூலில் நெகுண்டோ அல்லது சம்பாலி என்ற செடிக்கு ஓர் இயல் உண்டு. நிர்குண்டி என்ற பெயரே போர்த்துக்கீசிய நாவில் நெகுண்டோ ஆயிற்று. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ் தொகுதிகளில் வான் ரீடு, கரிநொச்சி, வெண்ணொச்சி என்ற மலையாள வழக்குப் பெயர்களையே இலத்தீன் எழுத்தில் தந்தார். லின்னேயஸ் 1753இல் ஓர்த்தாவழி வந்த பெயரை இனப்பெயராக்கினார். அவரே வட அமெரிக்க மேப்பிள் மரம் ஒன்றுக்கும், இலை ஒப்புமை கருதி, நெகுண்டோ என்ற அடைமொழியைச் சூட்டினார். இந்தியச் செடி ஒன்றின் பெயரால் அமெரிக்க மரம் அழைக்கப்படுவது இவ்வாறே.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான பதிவு, சென்னையில் பணியாற்றிய படை மருத்துவர் ஒயிட்லா ஐன்ஸ்லியுடையது. 1813இல் சென்னையிலேயே அச்சான அவரது மருந்துப்பொருள் நூலும், 1826இல் இலண்டனில் விரிவாக வந்த ‘மெட்டீரியா இண்டிகா’வும் மருந்துகளின் தமிழ்ப் பெயர்களுக்கு முதன்மை தந்தன. ஐரோப்பிய மருத்துவர் தமிழ் வைத்தியரின் சொல்லைத் தலைச்சொல்லாக ஏற்ற காலம் அது. பின்னர் இலத்தீன் பெயரே முன்வந்து தமிழ்ப் பெயர் ‘வட்டார வழக்கு’ என்ற கட்டத்துக்குள் தள்ளப்பட்டது.

வைடெக்ஸ் என்ற பேரினப் பெயர் இலத்தீனில் முடைதல், பிணைத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. மத்தியதரைக்கடற் கரையிலுள்ள இதன் உறவுச்செடியின் வளாரும் கூடைக்குப் பயன்பட்டது. அதன் புகை நச்சுயிர்களை விரட்டும் என்று டயாஸ்கொரிடிஸ் எழுதினார். அங்கும் புகைதான்; நின்ற செடியன்று.

6. வளர்ப்பு முறை

விதை முளைப்பு சீராக இருப்பதில்லை. ஆதலால் போத்து நடுவதே வழக்கம். பென்சில் பருமனுள்ள, பாதி முற்றிய கிளையிலிருந்து ஒரு சாண் அளவு, மூன்று நான்கு கணுக்களோடு நறுக்கி, இரண்டு கணு மண்ணுள் இருக்குமாறு பைகளில் ஊன்றினால் மூன்று நான்கு வாரங்களில் வேர்விடும். தென்மேற்குப் பருவமழை பெறும் பகுதிகளில் ஆனி, ஆடி ஏற்ற காலம். சென்னையில் வடகிழக்குப் பருவமழை முறுகுமுன், ஆவணி புரட்டாசியில் நட்டு வேர்பிடிக்கச் செய்வது நலம். ஐப்பசி வெள்ளத்தில் தேங்கும் நீரில் வேரில்லாப் போத்து அழுகும். வேலிக்கு ஒரு மீட்டர் இடைவெளி போதும்; தனிச்செடிக்கு இரண்டு மீட்டர் வேண்டும். முழு வெயில் தேவை. முதற்கோடையில் மட்டும் நீர் ஊற்றினால் பின்னர் வறட்சியைத் தானே தாங்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் அடர்ந்த வேலியாகும். ஆண்டுக்கு ஒருமுறை தாழ வெட்டினால் அடியிலிருந்து புதுவளார் எழும். வெட்டிய தழையே மருந்துக்கும் புகைக்கும் உரமாகும் கரைசலுக்கும் பயன்படுவது. வெட்டாமல் விட்ட நொச்சி கால்விட்டு மரமாகி அடியில் வெறிச்சோடும்.

ஆகவே நொச்சி வேலி என்பது நட்டுவிட்டு மறக்கும் பொருளன்று. பயன்படுத்துவோர் இருந்தால்தான் அது வேலியாக நிலைக்கும். மேலும் உவர்நீர் ஏறும் அடையாற்றுக் கழிமுகக் கரையிலும் உப்பங்கழி ஓரத்திலும் வெண்ணொச்சியைவிட நீர்நொச்சியே இயற்கைக்கு ஒத்தது. இவ்வேறுபாட்டைக் கருதாது ஒரே கன்றை எல்லாக் கரைக்கும் கொடுப்பது வேளாண் நோக்கிலும் குறையுடையது.

7. கால்வாய்க் கரையில் கன்றுகள்

2012இல் தமிழகம் கடுமையான டெங்குப் பரவலைச் சந்தித்தது. அவ்வாண்டு பதிவான நோயாளர் 12,000க்கு மேல், இறந்தோர் 60க்கு மேல். நிலவேம்புக் குடிநீர் அரசின் பரிந்துரையோடு பரவலாக வழங்கப்பட்டது. சைதை துரைசாமி மேயராக இருந்த காலத்தில் (2011–2016) சென்னை மாநகராட்சி, கொசுவலைகளோடு நொச்சிக் கன்றுகளையும் நீர்வழிகளை ஒட்டிய வீடுகளுக்கு இலவசமாக வழங்கும் திட்டத்தை மேற்கொண்டது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளே இலக்கு.

இத்திட்டத்தை மூடநம்பிக்கை என எள்ளுவது எளிது; அது நேர்மையாகாது. நொச்சியிலைச் சாறும் எண்ணெயும் கொசுப் புழுக்களைக் கொல்வதும் கொசுக்களை விலக்குவதும் ஆய்வகங்களில் பலமுறை காட்டப்பட்டவை. உயிருள்ள செடிக்கே ஓரளவு விலக்கும் ஆற்றல் இருக்கலாம் என்பதற்கும் சான்றுண்டு: மேற்குக் கென்யாவில் நடந்த, 2002இல் வெளியான ஓர் ஆய்வில், துளசி இனச் செடி ஒன்றும் உண்ணிச்செடியும் உள்ளிட்ட தொட்டிச் செடிகளைச் சோதனைக் குடில்களில் வைத்தபோது மலேரியாக் கொசுக்களின் வருகை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. ஆனால் அச்சோதனையில் நொச்சி இல்லை. செடிகள் திறந்தவெளிக் கரையில் நிற்கவில்லை, குடிலுக்கு அருகிலேயே இருந்தன. அதே வகை ஆய்வுகளில் தழையைச் சூடேற்றியபோது கிடைத்த பயன் இன்னும் மிகுதி. மாட்டுத் தொழுவ மூட்டத்தின் அறிவோடு இம்முடிவு முற்றிலும் ஒத்துப்போகிறது.

குறை வேறிடத்தில் உள்ளது. சாக்கடை தேங்கிய கால்வாயில் பெருகுவது கியூலெக்ஸ் வகைக் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி, வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேக்கிவைத்த நல்ல நீரில் முட்டையிடுவது. நகர மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் ஸ்டீஃபென்சி கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளர்வது. ஏடிஸ் பகலில் கடிக்கும். மாலை மூட்டம் அதற்குப் பொருந்தாது. கரையோரக் குடும்பங்கள் நீரை ஏன் தேக்குகின்றன? குழாயில் நீர் நாள்தோறும் வராததால். வாசலில் வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் குடங்களும் நீலப் பீப்பாய்களும்தான் ஏடிஸின் இருப்பிடம். டெங்கு அச்சத்தில் பிறந்த திட்டம், டெங்குக் கொசு பிறவாத கால்வாயை நோக்கிச் செடியை நட்டது. செடி தவறிழைக்கவில்லை, அதன் மேல் ஏற்றப்பட்ட கடமையே இடம் மாறியது.

நிலத்தின் கேள்வி இதனினும் கடுமையானது. நொச்சி வேலி அடர இரண்டு மூன்று ஆண்டுகள் தேவை என மேலே காட்டப்பட்டது. கன்றைப் பெற்றவர் அத்தனை ஆண்டுகள் அதே மண்ணில் இருப்பார் என்ற எண்ணம் அத்திட்டத்துள் மறைந்திருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பெருந்தொகையாகப் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. அதற்கு முன்பே கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் சென்றவர்கள் உண்டு. ஒரு துறை வேலி நடக் கன்று கொடுத்த கரையை மற்றொரு துறை ஆக்கிரமிப்பு என அளந்தது. எட்டுத் தளக் கட்டடத்தின் மேல்மாடியில் நொச்சிக்கு மண் இல்லை. மூட்டம் போட முற்றமும் இல்லை. புறநானூற்று நொச்சி இடம் பெயராதவரின் பூ. மதிலை விட்டு நீங்காமல் நின்றவர் சூடியது.

சாந்தோம் கடற்கரையையொட்டிய நொச்சிக்குப்பமும் அதன் அருகிலுள்ள முள்ளிக்குப்பமும் செடிப்பெயர்களோடு நிற்கும் மீனவர் குடியிருப்புகள். பெயரொற்றுமை மட்டும் ஒரு காலத்து நிலக்காட்சிக்குச் சான்றாகிவிடாது. நொச்சிக்குச் சிற்றூர் என்ற அகராதிப் பொருளும் இருப்பதால் கூடுதல் கவனம் வேண்டும். எனினும் உப்புக்காற்று வீசும் மணற்கரை நீர்நொச்சியின் இயற்கை வாழிடம் என்பதை மறுப்பதற்கில்லை. பி.வி. மயூரநாதன் 1929இல் வெளியிட்ட சென்னை நகரப் பூக்குந்தாவரங்கள் பற்றிய அருங்காட்சியக வெளியீட்டைப் பழைய நில அளவைப் பதிவுகளோடும் கோயில், குப்பம் சார்ந்த வாய்மொழி வழக்குகளோடும் ஒப்பிடும் ஆய்வு, இப்பெயர்களைப் பற்றி ஊகத்துக்கு அப்பால் பேச உதவும். இராஜா அண்ணாமலைபுரத்துக் கால்வாய்க் கரையில் அப்போது கொடுத்த கன்றுகளில் எஞ்சியவை எவை, அவை வெண்ணொச்சியா வேறா, அவற்றிலிருந்து இன்றும் தழை பறிப்பவர் யார் என்பதும் அவ்வாய்வோடு சேர்த்துக் கேட்கப்பட வேண்டியதே. கிரீன்வேஸ் சாலை நிலையத்தின் தூண்களுக்கு அடியிலிருந்தே அக்கணக்கெடுப்பைத் தொடங்கலாம்.